முடிச்சு தோளில், காரணம் மேசையில்

மதியம் மூன்றரை மணிக்கு எந்த அலுவலகத்துக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். யாராவது ஒருவர் இடது கையால் வலது தோளைப் பிசைந்துகொண்டிருப்பார். கழுத்தை இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு வெட்டுவார். 'டக்'கென்று சத்தம் வந்ததும் மறுபடி திரைக்குள் தலையை நீட்டிவிடுவார். கேட்டால் 'வாயுப் பிடிப்பு' என்பார். 'தலையணை சரியில்லை' என்பார். 'நாற்பதைத் தாண்டினா இதெல்லாம் வரத்தான் செய்யும்' என்பார். மூன்றுமே பெரும்பாலும் தப்பான கணிப்பு. அவர் மேசையைப் போய்ப் பார்த்தால் உண்மையான காரணம் அங்கே உட்கார்ந்திருக்கும்.

முதலில் வலி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். கழுத்திலிருந்து தோள் முனை வரை சரிவாக இறங்கும் தசையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் பிடித்து மெதுவாக உருட்டுங்கள். நடுவில் எங்கோ பட்டாணி அளவில் ஒரு கெட்டி தட்டுப்படும். அதை அழுத்தினால் அங்கே மட்டும் வலிக்காது. காதுக்குப் பின்னால் ஏறி, நெற்றிப்பொட்டு வரை ஒரு கம்பி இழுத்ததுபோல வலி ஓடும். சிலருக்குக் கண்ணுக்குப் பின்னால் போய் நிற்கும். கண்ணாடியை மாற்றி, சைனஸ் மாத்திரை விழுங்கி, ஒற்றைத் தலைவலி என்று பயந்து அலைகிறவர்களில் பலருடைய வலிக்கு வேர் இந்தப் பட்டாணியில் இருக்கிறது.

இப்படி ஓரிடத்து முடிச்சு வேறோர் இடத்தில் வலியாகத் தெரிவதை உடல் முழுக்க வரைபடமாக்கியவர் ஜேனட் டிராவல் என்ற அமெரிக்க மருத்துவர். டேவிட் சைமன்ஸ் என்பவரோடு சேர்ந்து 1983இல் இதற்கென்றே பெரிய கையேடு ஒன்றை வெளியிட்டார். அதற்கு முன்பே அவர் ஜனாதிபதி கென்னடியின் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்தவர். அமெரிக்க ஜனாதிபதியின் தனி மருத்துவராக அமர்ந்த முதல் பெண்ணும் அவர்தான். கென்னடிக்கு அவர் சிபாரிசு செய்த ஒரு விஷயம் ஆடும் நாற்காலி. ஆடும்போது தசை இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகும். ஒரே நிலையில் உறையாது. நம் வீட்டுக் கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்தால் உடம்பு லேசாவதும் இதனால்தான் என்று எனக்குத் தோன்றும்.

மூட்டை தூக்குகிறவருக்குத் தோள் வலித்தால் நியாயம். நூறு கிராம் மௌஸைப் பிடிக்கிறவருக்கு ஏன் வலிக்க வேண்டும்?

தசை ஒரே கட்டை அல்ல, ஆயிரக்கணக்கான இழைகளின் கட்டு. சின்ன வேலைக்கு உடம்பு சின்ன இழைகளைத்தான் முதலில் கூப்பிடும். வேலை முடியும்வரை அவற்றை விடவும் விடாது. வீட்டில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, எல்லாரும் படுத்த பிறகு படுக்கும் பெண்மாதிரி அந்த இழைகள். ஸ்வீடன் ஆய்வாளர் ஒருவர் 1991இல் இந்த விளக்கத்துக்கு 'சிண்ட்ரெல்லா' என்றே பெயர் வைத்தார். மூட்டை தூக்குகிறவர் மூட்டையை இறக்கிவிடுகிறார். மௌஸ் பிடிக்கிறவர் எட்டு மணி நேரம் இறக்குவதே இல்லை. இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: தசை இறுகுவதற்கு மட்டுமல்ல, தளர்வதற்கும் சக்தி வேண்டும். உயிர் போன உடல் விறைத்துப்போவது அந்தச் சக்தி தீர்ந்துவிடுவதால்தான். விடாமல் இறுகியிருக்கும் தசைக்குள் ரத்த ஓட்டம் குறையும். ரத்தம் குறைந்தால் சக்தி குறையும். சக்தி குறைந்தால் தளர முடியாது. முடிச்சுக்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இந்தச் சுழல். கைக்குத் தட்டுப்படும் கெட்டி தசையின் கோளாறா, அந்த இடத்து நரம்புகள் கூடுதலாக விழித்துக்கொண்டதா என்ற வாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை. ஆனால் அசையாமல் இருப்பது அதை வளர்க்கிறது, அசைவு அதை இளக்குகிறது என்பதை உங்கள் தோளே உங்களுக்குச் சொல்லும்.

இரண்டு ரீம் பேப்பர்

அலுவலகத்தில் இருக்கும் ஏ4 பேப்பர் ரீம் ஒன்றின் எடை சுமார் இரண்டரை கிலோ. இரண்டு ரீம் சேர்ந்தால் ஐந்து கிலோ. உங்கள் தலையும் ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டு ரீமையும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்து நில்லுங்கள். பத்து நிமிடம் பேசிக்கொண்டே நிற்கலாம். அதையே கையை முன்னால் நீட்டிப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் கை நடுங்கும். தலையை முன்னால் நீட்டும்போது கழுத்துக்கும் இதேதான் நடக்கிறது. நியூயார்க்கைச் சேர்ந்த கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற முதுகெலும்பு அறுவை மருத்துவர் 2014இல் ஒரு கணக்கீடு வெளியிட்டார். தலை 15 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் விழும் பாரம் சுமார் 12 கிலோ. மடியில் வைத்த போனைப் பார்க்கிற 60 டிகிரியில் சுமார் 27 கிலோ. மாதிரி ஒன்றை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் கிலோவுக்குக் கிலோ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். குனியக் குனிய பாரம் ஏறுகிறது என்பதில் சந்தேகமில்லை.

நான் வேலை பார்த்த இடத்தில் கணக்குப் பிரிவில் ஒரு அக்கா இருந்தார். மார்ச் கணக்கு முடிக்கும் நேரம் வந்தாலே வலது தோளில் பாறை ஏறிவிடும், சாயங்காலம் வலது கண்ணுக்குப் பின்னால் குத்தும். இரண்டு வருடத்தில் மூன்று தைலம், இரண்டு கண்ணாடி, எண்ணிக்கை மறந்த வாயு மாத்திரை. ஒருநாள் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வவுச்சர்க் கட்டு மேசையின் இடது மூலையில் படுத்துக் கிடந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் தலை இடப்பக்கமாகக் குனிந்து, திரும்பத் திரைக்கு நிமிர்ந்தது. விசைப்பலகையின் வலது கோடி எண் விசைகளைத் தாண்டி மௌஸ் இருந்ததால் வலது கை எப்போதும் உடம்பை விட்டு விலகி நீண்டே இருந்தது. நாற்காலி உயரமாக இருந்து பாதம் தரையில் முழுதாகப் படியாததால் நுனியில் உட்கார்ந்திருந்தார். முதுகுச் சாய்வு அவருக்கு இருந்தும் இல்லை.

மாற்றியது நாலே விஷயம். பள்ளிப் பிள்ளைகளின் பரீட்சை அட்டையில் வவுச்சரைக் கிளிப் போட்டு, ஒரு ரீம் மேல் சாய்த்துத் திரைக்குப் பக்கத்திலேயே நிறுத்தினோம். மௌஸை முழங்கை விலாவை ஒட்டும் தூரத்துக்கு இழுத்தோம். வீட்டிலிருந்து ஒரு பழைய மணையைக் கொண்டுவந்து காலுக்குக் கீழே போட்டார். தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டு ஒரு சின்ன டம்ளரை வைத்தார். அது காலியாகும்போதெல்லாம் எழுந்து போய்த்தான் நிரப்ப வேண்டும். அடுத்த மார்ச்சில் வலி வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது, கண்ணுக்கு ஏறவில்லை, ராத்திரியோடு போனது.

உங்கள் மேசையை நீங்களே சோதிக்க ஒரு வழி. மௌஸை வழக்கம்போலப் பிடித்து வேலை செய்துகொண்டே, இடது உள்ளங்கையை வலது தோள் சரிவில் வையுங்கள். தசை கயிறு மாதிரி எழுந்து நிற்கும். இப்போது முழங்கையை விலாவோடு ஒட்டி, மௌஸை அதன் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். கைக்குக் கீழே தசை அடங்குவது தெரியும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். மடிக்கணினி என்றால் அதன் திரையை உயர்த்தினால் கை உயரும், கையைத் தாழ்த்தினால் தலை குனியும். தனி விசைப்பலகையும் மௌஸும் இல்லாமல் இந்தச் சிக்கல் தீராது. நாற்காலிக் கைப்பிடி தோளை மேலே தள்ளுகிறதா என்றும் பாருங்கள். தள்ளினால் இறக்குங்கள், இறங்காவிட்டால் கழற்றிவிடுங்கள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்யும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு கழுத்தைச் சாய்த்தபடி வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தோள் வலி இரண்டாம் ஆபத்துதான்.

ஏற்கெனவே விழுந்த முடிச்சுக்கு

ஒரு பழைய டென்னிஸ் பந்தைக் காலுறைக்குள் போட்டு முடிந்துகொள்ளுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, பந்து தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடைப்பட்ட சதையில் இருக்கும்படி காலுறையின் நுனியைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். முழங்காலை லேசாக மடக்கி ஏறி இறங்கினால் பந்து உருண்டு வலிக்கும் புள்ளியைத் தானே கண்டுபிடிக்கும். அங்கே நிறுத்தி, அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை சாய்ந்தே இருங்கள். பத்துக்கு ஐந்து மதிப்பெண் அளவு வலி போதும். 'நல்லா வலிச்சாத்தான் விடும்' என்று பல்லைக் கடிப்பவருக்குத் தசை இன்னும் இறுகும். மூச்சைப் பிடிக்காமல், மெதுவாக நீளமாக வெளியே விடுங்கள். அழுத்தம் அப்படியே இருக்க, வலி மட்டும் மங்கும் ஒரு கணம் வரும். அப்போது அடுத்த இடத்துக்குப் போகலாம். முதுகெலும்பின் மேல் பந்தை வைக்கக் கூடாது. கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் பெரிய ரத்தக்குழாய்கள் ஓடும் இடம், அங்கே அழுத்தவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

பிறகு ஒத்தடம். வெந்நீர்ப் பை இருந்தால் துண்டில் சுற்றி 15 நிமிடம். இல்லாவிட்டால் கல் உப்பையோ தவிட்டையோ வறுத்து மூட்டை கட்டி, புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு ஒற்றி எடுக்கலாம். பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டாம். சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டும், தசைக்குத் தேவையும் அதுதான். சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்தவர்கள் சூட்டில் கவனமாக இருக்க வேண்டும். அடிபட்டு வீங்கிய புது சுளுக்குக்கு முதல் இரண்டு நாள் சூடு வேண்டாம்.

உடம்பு சூடாக இருக்கும்போதே கழுத்தை நீட்டிவிட்டால் பலன் அதிகம். வலது கையை வலது தொடைக்குக் கீழே வைத்து உட்காருங்கள். தலையை இடது தோள் பக்கம் சாய்த்து 20, 30 விநாடி. அடுத்து, மூக்கு இடது அக்குளை நோக்கும்படி தலையைத் திருப்பிக் குனிந்து அதே நேரம். பிறகு பக்கம் மாற்றுங்கள். குதித்துக் குதித்து இழுக்காதீர்கள்.

ஒத்தடமும் பந்தும் அன்றைய வலிக்கு. அடுத்த மாத வலிக்கு வேறு ஒன்று வேண்டும், அதை நம்மில் பலர் செய்வதில்லை. தோளைப் பலப்படுத்துவது! டென்மார்க்கில் கழுத்து, தோள் வலி இருந்த 198 அலுவலக ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. வாரம் ஐந்து நாள், 10 வாரம், ரப்பர்க் குழாய் ஒன்றைக் காலுக்கடியில் மிதித்துக்கொண்டு, கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு எடுக்க வேண்டும், அவ்வளவே பயிற்சி. ஒரு குழு 12 நிமிடமும் இன்னொரு குழு வெறும் 2 நிமிடமும் செய்தது. பயிற்சி செய்யாத குழுவைவிட இரண்டு குழுவுக்குமே வலி தெளிவாகக் குறைந்தது. இரண்டு நிமிடம் என்பது ஃபில்டர் காபி இறங்குவதற்கு முன் முடிந்துவிடும். ரப்பர்க் குழாய் விளையாட்டுப் பொருள் கடையில் கிடைக்கும். கிடைக்கும்வரை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் கைக்கு ஒன்றாகப் பிடித்துத் தொடங்கலாம் என்பது என் யோசனை.

தைலத்தைப் பற்றிக் கேட்பீர்கள். அமிர்தாஞ்சன் 1893இல் பம்பாயில் பிறந்து 1914இல் சென்னைக்கு வந்தது. நம் வீடுகளில் நான்கு தலைமுறையாக இருக்கிறது. தைலத்தில் இருக்கும் மென்தால் தோலில் குளிரை உணரும் வாங்கிகளைத் தட்டி எழுப்பும். அந்தச் செய்தி மூளைக்குப் போக, வலியின் செய்தி பின்தங்கும். இந்த வாங்கிகள் எப்படி வேலை செய்கின்றன என்று கண்டுபிடித்தவர்களுக்குத்தான் 2021இல் மருத்துவ நோபல் கிடைத்தது. ஆகவே தைலம் ஏமாற்று இல்லை. அது முடிச்சை அவிழ்க்காது, நீங்கள் தோளை அசைக்க ஒரு அரை மணி நேரத்தைக் கொடுக்கும். அந்த அரை மணியில் மறுபடி குனிந்து உட்கார்ந்துவிட்டால் தைலம் வீண். தடவிய இடத்தில் வெந்நீர்ப் பையை வைக்காதீர்கள், தோல் வெந்துபோகும்.

மாத்திரை விஷயத்தில் கறாராக இருங்கள். மருந்துக்கடையில் 'தோள் வலிக்கு ரெண்டு கொடுங்க' என்று வாங்கும் மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்ப்பவை. தலைவலிக்காக மாதத்தில் பாதி நாள் மாத்திரை போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். தசையைத் தளர்த்தும் மாத்திரையில் தூக்கம் வரலாம். போட்டுக்கொண்டு வண்டியை எடுக்காதீர்கள்.

சலூன் நாற்காலியில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் 'சொடக்' எடுப்பார்களே, அதற்கு நான் கைகூப்பி வேண்டாம் என்பேன். கழுத்தெலும்புகளுக்குள்ளேயே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. திடீர்த் திருப்பலில் அந்தக் குழாயின் உள்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். அரிதுதான், ஆனால் வந்தால் போனது திரும்பாமலே போகலாம். தலைக்கு எண்ணெய் தேய்த்து விடட்டும், தோளைப் பிசைந்து விடட்டும். கழுத்தைத் திருப்பும் முன் 'அண்ணே, அது மட்டும் வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள்.

எல்லாத் தோள் வலியும் முடிச்சு அல்ல. நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சுத் திணறலோடு தோளோ தாடையோ கையோ வலித்தால் பந்தும் வேண்டாம், தைலமும் வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். 'வாயு' என்று நினைத்து இஞ்சிச் சாறு குடித்துக் காத்திருந்த குடும்பங்களை நான் அறிவேன். கை விரல்களில் மரத்துப்போதல், பிடி தளர்ந்து டம்ளர் நழுவுதல், விபத்துக்குப் பின் வந்த கழுத்துவலி, காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், இதுவரை வாழ்நாளில் வராத கடுமையில் திடீரென இடித்த தலைவலி, படுத்தாலும் குறையாத ராத்திரி வலியோடு எடை இறங்குதல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். இவை எதுவும் இல்லாமல் மூன்று வாரமாக விடாத வலிக்கு இயன்முறை மருத்துவர் போதும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் அந்தச் சிகிச்சைக்கு உங்கள் சம்பளத்திலிருந்தே பணம் போகிறது. கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள்.

நிற்கிறவர்களின் வலி

இவ்வளவும் நாற்காலி உள்ளவர்களுக்கு. தி.நகர் ரங்கநாதன் தெருவிலும் நம் ஊர் ஜவுளிக் கடைகளிலும் காலை பத்திலிருந்து இரவு பத்து வரை நிற்கும் பெண்களின் முடிச்சு கெண்டைக்காலிலும் இடுப்பிலும் விழுகிறது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்பது பல கடைகளில் எழுதாத விதியாக இருந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி, பெண்கூட்டு என்ற அமைப்பைத் தொடங்கி, முதலில் கழிப்பறைக்கும் பிறகு உட்காரும் உரிமைக்கும் போராடினார். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது: ஊழியர்களுக்கு இருக்கை வைத்தே ஆக வேண்டும், வேலைக்கிடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும். உங்கள் கடையில் ஸ்டூல் இல்லை என்றால் நீங்கள் கேட்பது சலுகை அல்ல, சட்டத்தில் இருப்பது.

அலுவலகத்தில் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. 'சார், தோள் வலிக்குது' என்றால் 'லீவு போட்டுப் பாத்துக்கோம்மா' என்ற பதில்தான் வரும். எழுதிக் கொடுங்கள். எந்த வேலை செய்யும்போது, எத்தனை வாரமாக, எந்த நேரத்தில் வலி வருகிறது, என்ன வேண்டும், அதன் விலை என்ன. தனி விசைப்பலகையும் மௌஸும் ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கின்றன. மேலாளருக்குக் கையெழுத்துப் போடச் சுலபமான தொகை. வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, வலி வருவதற்கு முன்பே கேட்டுவிடுவது இன்னும் நல்லது. புதிதாக வந்தவர் நாற்காலியைச் சரிசெய்து தரக் கேட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. நீங்களே மேலாளர் என்றால், உங்கள் குழுவில் தோளைப் பிசைகிறவர் பக்கத்தில் ஒருநாள் அரை மணி நேரம் ஸ்டூல் போட்டு உட்காருங்கள்.

மேசை சரியானாலும், கெடு நெருங்கும்போதும் யாராவது குரலை உயர்த்தும்போதும் தோள் காதை நோக்கி ஏறும், பல் கடிபடும். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1929இல் எழுதிய புத்தகத்தின் வழி எளிமையானது: தளர்த்த வேண்டிய தசையை முதலில் வேண்டுமென்றே இறுக்கு, பிறகு விடு. தோள்களைக் காது வரை தூக்கி ஐந்து விநாடி பிடியுங்கள். மூச்சை விட்டபடி பொத்தென்று போடுங்கள். மூன்று முறை. கூட்டம் நடக்கும் அறையிலேயே செய்யலாம்.

நாளைக் காலை அலுவலகம் போனதும் ஸ்டோரில் இரண்டு ரீம் பேப்பர் கேட்டு வாங்குங்கள். அடுக்கினால் பத்து செ.மீ. உயரம் வரும். பிரிக்காமல் அப்படியே திரைக்குக் கீழே வையுங்கள்.